பாதி நாவலும் முழுப் படமும்

(இரண்டாம் ஆண்டு, முதுகலை ஆங்கிலம்)

விரும்பிப் படித்த நாவல் ஒன்றைத் திரையில் காண்பது, நெடுநாள் கடிதத்திலேயே பழகிய நண்பரை முதன்முறையாக நேரில் சந்திப்பதைப் போன்றது. முகம் நாம் எண்ணியிருந்த முகமாக இராது. குரலும் வேறாக இருக்கும். ஆயினும் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தால், ‘ஆம், இவர் அவர்தான்’ என்று மனம் தேறிவிடும். சில வேளைகளில் எவ்வளவு பேசினாலும் அந்தத் தேறுதல் வருவதில்லை. எமிலி பிரான்ட்டே எழுதிய ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை நான்கு முறை படித்துவிட்டு, அதன் புகழ்பெற்ற திரைப்படத்தைப் பார்க்க உட்கார்ந்த எனக்கு நேர்ந்தது அதுதான்.

எங்கள் துறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் அப்படத்தைத் திரையிட்டார்கள். வில்லியம் வைலர் இயக்கி, சாமுவேல் கோல்ட்வின் தயாரித்து, 1939இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம். சன்னல்களுக்குத் துணி கட்டி இருட்டாக்கிய அறையில் ஏறக்குறைய எழுபது பேர் இருந்தோம். படம் முடிந்து விளக்கு எரிந்தபோது பலர் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தனர். நான் மட்டும் இலையில் பாதிச் சாப்பாட்டோடு எழுப்பப்பட்டவனைப் போல உட்கார்ந்திருந்தேன். “என்னப்பா, படம் நல்லாத்தானே இருந்துச்சு? ஒனக்கு மட்டும் என்ன கொறை?” என்று விடுதி நண்பன் கேட்டான். அன்று அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலே இக்கட்டுரை.

நாவல்

எமிலி பிரான்ட்டே 1818இல் பிறந்தார். இங்கிலாந்தின் வடபகுதியான யார்க்ஷயரில், ஹாவர்த் என்னும் சிற்றூரில், பாதிரியார் ஒருவரின் மகளாக வளர்ந்தார். அவர் எழுதிய ஒரே நாவல் இது. 1847 டிசம்பரில் ‘எல்லிஸ் பெல்’ என்ற ஆண் புனைபெயரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில், முப்பதாவது வயதில், அவர் மறைந்தார். தம் நூல் உலக இலக்கியத்தில் பெறவிருந்த இடத்தை அவர் கண்ணால் காணவில்லை.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதர்களும் காற்றும் நிறைந்த மேட்டு நிலத்தில் உள்ள பண்ணை வீட்டின் பெயர்தான் வுதரிங் ஹைட்ஸ். அவ்வீட்டுப் பெரியவர் எர்ன்ஷா, லிவர்பூல் நகருக்குக் கால்நடையாகவே போய்த் திரும்பும்போது, தெருவில் அநாதையாகக் கிடந்த சிறுவன் ஒருவனைத் தூக்கிவருகிறார். அவனே ஹீத்கிளிஃப். பெரியவரின் மகள் காதரினுக்கு அவன் உயிர்த்தோழன். மகன் ஹிண்ட்லிக்கோ அவன் ஜன்மப் பகை. பெரியவர் இறந்ததும் ஹிண்ட்லி அவனை வேலைக்காரனாக்குகிறான். பாடத்தை நிறுத்தி வயலுக்கு விரட்டுகிறான். ஹீத்கிளிஃபை மணப்பது தன் தகுதிக்குத் தாழ்வு என்று காதரின் சொல்வது அவன் காதில் விழுகிறது. அதற்கு மேல் அவள் சொல்லவிருந்ததைக் கேளாமலே அவன் வீட்டைவிட்டு ஓடிவிடுகிறான். அவள் பக்கத்துச் செல்வந்தன் எட்கர் லின்டனை மணக்கிறாள். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஹீத்கிளிஃப் பணக்காரனாகத் திரும்பி வருகிறான். எல்லோரையும் பழிவாங்கத் தொடங்குகிறான். காதரின் நோயுற்று, ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் நாவலில் மொத்தம் 34 அத்தியாயங்கள். காதரின் இறப்பது பதினாறாம் அத்தியாயத்தில். பாதிக்கு மேல் இன்னும் மீதியிருக்கிறது! திரைப்படம் அந்த மீதியை அப்படியே விட்டுவிட்டது. காதரினுக்குப் படத்தில் குழந்தையே கிடையாது. ஹிண்ட்லிக்கும் மகன் கிடையாது. இரண்டாம் தலைமுறை என்ற ஒன்றே இல்லை.

படத்தின் சிறப்பு

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவது முறை. ஹீத்கிளிஃபாக நடித்த லாரன்ஸ் ஒலிவியரின் முகத்தில் அவமானமும் வெறியும் மாறிமாறி ஓடுவதை மறக்க முடியாது. கிரெக் டோலண்டின் ஒளிப்பதிவு ஆஸ்கார் பரிசு பெற்றது, அது தகும். பனிப்புயல் அடிக்கும் இரவில் விருந்தினர் லாக்வுட் உடைந்த சன்னலைச் சாத்தக் கை நீட்டும் காட்சியில் எங்கள் அறை முழுவதும் மூச்சு அடங்கிப்போயிற்று. நியூயார்க் திரைப்பட விமரிசகர்கள் அவ்வாண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய நூற்று நான்கு நிமிடப் படத்தில் மூன்று தலைமுறைக் கதையைச் சொல்வது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும். திரைக்கதை எழுதிய பென் ஹெக்ட், சார்லஸ் மக்கார்தர் இருவரும் கைதேர்ந்தவர்கள். எதையாவது வெட்டியே ஆகவேண்டும் என்ற நிலையில்தான் அவர்கள் கத்திரியை எடுத்திருப்பார்கள்.

எனவே, ‘நாவலில் உள்ளது அத்தனையும் படத்தில் வேண்டும்’ என்று நான் வாதாடவில்லை. கதை நிகழும் காலத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குத் தள்ளிவிட்டார்கள், போகட்டும். யார்க்ஷயர் மேட்டு நிலத்தைக் கலிபோர்னியாவில் உருவாக்கிப் படம்பிடித்தார்கள், அதுவும் போகட்டும். என் வருத்தம் வேறு. வெட்டி எறியப்பட்ட பாதியில்தான் இந்தக் கதையின் பொருள் இருந்தது.

வாசல்மேல் எழுதிய பெயர்

அந்தப் பாதியின் நாயகன் ஹேர்ட்டன் எர்ன்ஷா; ஹிண்ட்லியின் மகன். குடித்தே அழிந்த ஹிண்ட்லி, வீட்டையும் நிலத்தையும் ஹீத்கிளிஃபிடம் அடமானம் வைத்துவிட்டு மாண்டுபோகிறான். சிறுவன் ஹேர்ட்டன் ஹீத்கிளிஃபின் கையில் சிக்குகிறான். ஹீத்கிளிஃப் அவனை அடிக்கவில்லை, பட்டினி போடவுமில்லை. அதைவிடக் கொடியதொன்றைச் செய்கிறான். அவனுக்கு எழுத்தறிவு கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறான். ஹிண்ட்லி தனக்கு எதைச் செய்தானோ அதையே ஹிண்ட்லியின் மகனுக்கு, வட்டியும் முதலுமாக, திருப்பிச் செய்கிறான்.

வுதரிங் ஹைட்ஸ் வீட்டு வாசலின் மேல் கல்லில் ஒரு பெயரும் ஆண்டும் செதுக்கியிருக்கும். ஆண்டு 1500. பெயர் ஹேர்ட்டன் எர்ன்ஷா. அதாவது, அந்த வீட்டைக் கட்டிய மூதாதையின் பெயரும் இந்தப் பையனின் பெயரும் ஒன்றே. நாள்தோறும் அந்த வாசலைக் கடந்துபோகிற ஹேர்ட்டனுக்கு, தலைக்கு மேல் எழுதியிருப்பது தன் பெயர் என்று தெரியாது. வீடு தன்னுடையது என்பதும் தெரியாது. உரிமையைப் பறிப்பதற்கு எழுத்தைப் பறித்தால் போதும் என்பதை எமிலி பிரான்ட்டே ஒரு கல்லைக் காட்டிச் சொல்லிவிட்டார்.

காதரினின் மகளுக்கும் காதரின் என்றே பெயர். குழப்பம் நேராதிருக்க அவளைக் கேத்தி என்போம். அந்தக் கேத்தி ஒருநாள் வாசலைக் காட்டி, அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். ஏதோ எழுத்து, தனக்குப் படிக்கத் தெரியாது என்கிறான் ஹேர்ட்டன். உடனிருந்த ஹீத்கிளிஃபின் மகன் லின்டன் சிரிக்கிறான். அவளும் சேர்ந்து கேலி செய்கிறாள். சில மாதம் சென்றபின் ஹேர்ட்டன் அவளிடம் பெருமையோடு வந்து, வாசலில் உள்ளதைத் தன்னால் இப்போது படிக்க முடியும் என்று எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்துக் காட்டுகிறான். ‘சரி, அந்த எண்கள்?’ என்கிறாள் அவள். எண்களை அவன் இன்னும் கற்கவில்லை. அவள் மறுபடியும் சிரிக்கிறாள்.

பின்னர் அவளும் அதே வீட்டில் ஹீத்கிளிஃபின் கையில் அகப்படுகிறாள். தான் படிக்காதவனாகிய ஹீத்கிளிஃப் அவளுடைய புத்தகங்களை அழித்துவிடுகிறான். ஹேர்ட்டன் சில புத்தகங்களைத் தன் அறையில் ஒளித்துவைத்துத் தானே படிக்க முயல்கிறான். அவனுடைய உச்சரிப்புப் பிழைகளை அவள் பிறர்முன் நடித்துக் காட்டுகிறாள். அவமானம் தாளாமல் அவன் அந்தப் புத்தகங்களை எடுத்துவந்து நெருப்பில் போடுகிறான். அவை எரிவதை அவன் பார்த்துக்கொண்டு நிற்கும் இடத்தில், நான் படித்த நான்கு முறையும், பக்கத்தைத் திருப்பச் சற்று நேரமாயிற்று.

இங்கே என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இளங்கலை முதலாண்டில் ஆங்கில இலக்கிய வகுப்பில் உட்கார்ந்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னபோது, ‘நைஃப்’ என்று படிக்கவேண்டியதை ‘க்னைஃப்’ என்று படித்துவிட்டேன். வகுப்பு சிரித்தது. சிரித்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் சிலர் இன்று என் நெருங்கிய நண்பர்கள். ஆனால் அன்றிலிருந்து ஒரு பருவம் முழுவதும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. துறையை மாற்றிக்கொள்ள விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தேன். ஹேர்ட்டன் புத்தகத்தை நெருப்பில் போட்டான். நான் பையில் போட்டு மூடினேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

எழுத்து முடித்துவைத்த பகை

இனி அந்நாவலின் முப்பத்திரண்டாம் அத்தியாயத்திற்கு வருவோம். தன் கேலி எத்தனை ஆழமாகக் குத்தியிருக்கிறது என்பதைக் கேத்தி மெல்ல மெல்ல உணர்கிறாள். ஒரு நல்ல புத்தகத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, நாடாவால் கட்டி, மேலே ஹேர்ட்டன் எர்ன்ஷாவின் பெயரை மரியாதையோடு எழுதுகிறாள். நேரில் தரக் கூச்சப்பட்டுப் பணிப்பெண் நெல்லியிடம் கொடுத்தனுப்புகிறாள். வாங்கிக்கொண்டால் சரியாகப் படிக்கக் கற்றுத்தருவதாகவும், மறுத்தால் இனி ஒருநாளும் தொந்தரவு செய்வதில்லை என்றும் செய்தி. யாருக்குப் படிக்கத் தெரியாதோ அவன் பெயரையே மேலுறையில் எழுதி அனுப்புகிறாள் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லில் செதுக்கியிருந்த பெயர், இப்போது ஒருவர் கையால் அவனுக்கென்றே எழுதப்பட்டு வருகிறது.

1802ஆம் ஆண்டு செப்டம்பரில் லாக்வுட் அந்த வீட்டிற்குத் திரும்பி வரும்போது, மூடியே கிடந்த வாயிற்கதவு திறந்திருக்கிறது. உள்ளே கேத்தி ஹேர்ட்டனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிழையாகப் படித்தால் செல்லமாக ஓர் அடி. சரியாகப் படித்தால் ஒரு முத்தம். உலகக் காதல் இலக்கியத்தில் நிலவொளிக் காட்சிகளும் பிரிவுக் காட்சிகளும் ஏராளம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் காதல் காட்சி இதுபோல் இன்னொன்றை நான் படித்ததில்லை.

இதற்கும் ஹீத்கிளிஃபுக்கும் என்ன தொடர்பு? அங்கேதான் கதையின் முடிச்சு இருக்கிறது. ஒருநாள் மாலை ஹேர்ட்டனும் கேத்தியும் ஒரே புத்தகத்தின்மேல் குனிந்திருக்கையில் ஹீத்கிளிஃப் உள்ளே வருகிறான். இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இருவர் கண்களும் இறந்துபோன காதரினின் கண்கள். ஒருத்தி அவள் மகள். மற்றவன் அவள் அண்ணன் மகன். ஹீத்கிளிஃப் ஹேர்ட்டன் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, திறந்திருந்த பக்கத்தைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

அவன் பதினெட்டு ஆண்டுகள் பேணி வளர்த்த பகை அந்தக் கணத்தில் முடிந்துபோகிறது. இரு குடும்பங்களையும் அழிக்கும் ஆற்றல் கைக்கு வந்த வேளையில், அழிப்பதில் தனக்கு இன்பமே போய்விட்டது என்று நெல்லியிடம் அவனே சொல்கிறான். யாரும் அவனை வெல்லவில்லை, தண்டிக்கவுமில்லை. புத்தகத்தைப் பறித்தவன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவே நிகழ்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோகிறான். உடலின் அருகே இரவு முழுவதும் அமர்ந்து அழுதவன் யார் தெரியுமா? அவனால் எல்லாவற்றையும் இழந்த ஹேர்ட்டன்தான்! இதைப் படித்தபோது எனக்கு ஹேர்ட்டன்மீது சிறிது கோபம்கூட வந்தது. பிறகு, வெறுப்பை மரபுரிமையாகப் பெற மறுத்த ஒருவனைத்தான் ஆசிரியை அங்கே காட்டுகிறார் என்று தெளிந்தேன்.

திரைப்படத்தில் இவற்றுள் ஒன்றும் இல்லை. காதரின் ஹீத்கிளிஃபின் கைகளிலேயே, சன்னல் வழியே குன்றைப் பார்த்தவாறு உயிர்விடுகிறாள். நாவலிலோ அவள் இறக்கும்போது அவன் வெளியே தோட்டத்து மரத்தடியில் தனியே நின்றிருப்பான். படத்தின் கடைசியில் ஹீத்கிளிஃபும் காதரினும் ஆவிகளாகக் கைகோத்து மேட்டில் நடந்து போகிறார்கள். இந்த முடிவை இயக்குநர் வைலர் விரும்பவில்லை. தயாரிப்பாளர் கோல்ட்வின் பிடிவாதமாக, மாற்று நடிகர்களை வைத்து அந்தக் காட்சியை எடுத்துச் சேர்த்தார். இவ்விருவரின் ஆவிகள் உலவுவதாக ஊரார் பேசிக்கொள்வது நாவலிலும் உண்டு. ஆனால் அது நம்புகிறவர் நம்பலாம் என்ற அளவில் நிற்கும். படமோ அதையே மங்கல முடிவாக்கிவிட்டது. பிள்ளைகள் உயிரோடு சேர்ந்து முடித்துவைத்த கதையை, இறந்தவர்களைச் சேர்த்துவைத்து முடித்துவிட்டார்கள்.

நிறம்

மற்றொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாவலில் ஹீத்கிளிஃப் கறுத்த மேனியன். எங்கிருந்து வந்தவன் என்று யாருக்கும் தெரியாது. லின்டன் வீட்டுப் பெரியவர் அவனை முதலில் கண்டதும், கப்பலில் வந்த ‘லஸ்கர்’ பையனோ என்று ஐயுறுகிறார். ஆங்கிலேயர் கப்பல்களில் வேலைசெய்த இந்திய மாலுமிகளை லஸ்கர்கள் என்று அழைத்தனர். அவனைத் தேற்றுவதற்காக நெல்லி, அவன் தந்தை சீனச் சக்கரவர்த்தியாகவும் தாய் இந்திய அரசியாகவும் இருக்கக்கூடாதா என்கிறாள். அவன் பட்ட அவமதிப்பில் பாதி அவனுடைய நிறத்தால் வந்தது. அந்தப் பாத்திரத்தைப் படத்தில் ஏற்றவர் வெள்ளை ஆங்கிலேயரான ஒலிவியர்.

இதில் வியப்பு என்னவென்றால், மாநிறங்கூட இல்லாத ஆங்கிலப் பெண்ணாகிய காதரினாக நடித்த மெர்ல் ஓபரான் 1911இல் பம்பாயில் பிறந்தவர். தாய்வழியில் இலங்கை வம்சாவளியினர். அக்காலத் திரையுலகில் இது வெளியே தெரிந்தால் பிழைப்புப் போய்விடும் என்பதால், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்ததாகவே அவர் சொல்லிவந்தார். 1979இல் அவர் மறைந்த பின்னரே உண்மை பரவலாக வெளிவந்தது. நிறத்தால் ஒதுக்கப்பட்டவனின் கதையைப் படமாக்கிய அரங்கில், தன் நிறத்தை மறைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள்! இந்தச் செய்தியை அறிந்தபின் படத்தை மறுமுறை பார்த்தேன். படத்தின்மேல் இருந்த கோபம் தணியவில்லை; ஓபரான்மீது தனியாக ஓர் இரக்கம் பிறந்தது.

பின்னர் வந்தவர்கள் இக்குறைகளை ஓரளவு களைய முயன்றிருக்கிறார்கள். 1992இல் வந்த ஆங்கிலப் படம் இரண்டாம் தலைமுறையைச் சேர்த்துக்கொண்டது. தாய், மகள் இருவராகவும் ஜூலியட் பினோஷ் நடித்தார். 2011இல் ஆண்ட்ரியா ஆர்னால்ட் இயக்கிய படத்தில் ஹீத்கிளிஃபாகக் கறுப்பினத்தவர் நடித்தார். ஆனால் அதுவும் முதற்பாதியோடு நின்றுவிட்டது. இந்தியில் திலீப் குமார் நடித்து 1966இல் வந்த ‘தில் தியா தர்த் லியா’வும் இந்நாவலைத் தழுவியதே. இத்தனை பேர் எடுத்தும், உலகம் இன்றும் ‘வுதரிங் ஹைட்ஸ்’ என்றால் 1939ஆம் ஆண்டுப் படத்தின் பாதிக் கதையையே நினைக்கிறது.

முடிவுரை

என் நண்பனுக்கு நான் சொல்ல விரும்பிய பதில் இதுதான். ‘படத்தில் உள்ள காதல் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நோயின் கதை. நாவல் அந்நோயையும் சொல்லி, மருந்தையும் சொல்கிறது. நோயை மட்டும் காட்டி, அழகான இசையோடு திரையை மூடிவிட்டால் எப்படி?’

என் கதையையும் பாதியில் விடக்கூடாது அல்லவா? துறை மாற்ற விண்ணப்பத்தோடு போனபோது, எங்கள் பேராசிரியை ஒருவர் அதை வாங்கி மேசை அறைக்குள் வைத்துவிட்டு, ஒரு நாவலை என் கையில் கொடுத்தார். “தினம் மாலை அரைமணி நேரம் எங்கிட்ட வந்து சத்தமா படி. தப்பா வந்தா நான் சொல்றேன், சிரிக்கமாட்டேன்” என்றார். அந்த நாவல் இதுதான். ஹேர்ட்டன் வாசலில் உள்ள பெயரைப் படிக்கும் இடம் வந்தபோது நான் நிறுத்திவிட்டேன். அவரும் காரணம் கேட்கவில்லை. சிறிது பொறுத்து, “ம், மேலே படி” என்றார். அந்த விண்ணப்பம் இன்னும் அவருடைய மேசையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

படத்தை அவசியம் பாருங்கள், நண்பர்களே. டோலண்டின் ஒளிக்காகவும், ஒலிவியரின் கண்களுக்காகவும், ஓபரான் மறைத்துவைத்திருந்த துயரத்திற்காகவும் பாருங்கள். பார்த்து முடித்துவிட்டு நம் நூலகத்திற்குப் போய் அந்நாவலை எடுத்துப் பதினேழாம் அத்தியாயத்திலிருந்து படியுங்கள். படம் முடிந்த இடத்தில் கதை தொடங்குவதைக் காண்பீர்கள்.